ராட்டினம் பார்த்தாச்சு, தாப்பாள் எங்கே?

சிவா, உன்னைப் பெற்றவள் எழுதுகிறேன். நலமா என்று கேட்டு ஒரு வரியை வீணாக்கப் போவதில்லை. நீ நலமாக இல்லை என்பது நேற்று போனில் பேசிய தினுசிலேயே தெரிந்துவிட்டது. பதிலைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்றபடியே யாருக்கோ டீ சொல்லுவாய், இன்னொருவனிடம் சாவி கேட்பாய். கடிதம் அப்படியில்லை. பாதியில் மடித்து வைத்தாலும் மீதி அங்கேயே உட்கார்ந்திருக்கும், கல்யாண வீட்டுக்கு வந்த உன் அத்தைமார் மாதிரி. பிள்ளைகள் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். சத்துணவுக் கூடத்து அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அதன் மேலேயே காகிதத்தை வைத்து எழுதுகிறேன். எழுத்து வளைந்திருந்தால் அண்டாவின் வளைவு என்று எடுத்துக்கொள்.

நீ சொன்னது இதுதான். புது ரோலர் கோஸ்டர் பிரிவிலிருந்து உன்னை எடுத்துவிட்டு, பார்க் முழுவதன் பராமரிப்பையும், வருகிற ஜனங்களைக் கவனிக்கிற வேலையையும் பார்க்கச் சொல்கிறார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். நீ சொல்லப் போகும் பதில் ராஜினாமா. "கக்கூஸ் கழுவற டிபார்ட்மெண்ட்டும்மா. இதுக்கா டிப்ளமா படிச்சேன்?" என்று கேட்டாய். அப்புறம் நான் பேசவே இல்லை. "நெட்வொர்க் போச்சா?" என்றாய். போகவில்லை. உன் அம்மாவுக்கு வாய் போயிருந்தது, பிறந்ததிலிருந்து இரண்டாவது தடவையாக. முதல் தடவை போனது உன் பார்க்கிலிருந்து திரும்புகிற வழியில்தான். ஆமாம், நான் உன் பார்க்கைப் பார்த்தாச்சு. நைனாவைத் திட்டாதே, உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். இப்போது எங்காவது உட்கார்ந்துகொண்டு மீதியைப் படி.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீ உங்கள் மேனேஜருடன் வேறு ஏதோ ஊரில் ராட்டினம் பார்க்கப் போயிருந்தாய். தீபாவின் அம்மா மாகறலிலிருந்து போன் செய்தார். "யக்கா, பொண்ண நீங்க பாத்துட்டீங்க. எங்க பக்கத்துல நாங்க வந்து வூடு பாக்கணும் இல்ல?" முறைதான். பெண்ணைக் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அடுப்பு எந்தப் பக்கம், மழைக்கு எங்கே ஒழுகும் என்று பார்த்துவிட்டுப் போவது உலகத்தில் உள்ள முறை. ஆனால் நம் வீட்டை நீ அறிவாய். முன் அறையில் பீரோ இருக்கிறது, சரி. பின்பக்கச் சுவர் போன மழையில் பூச்சை உதிர்த்துவிட்டு நிற்கிறது. குளிக்கிற இடத்துக்குக் கதவு கிடையாது, தகரம் ஒன்றைச் சாத்தி வைத்திருக்கிறார் உன் நைனா. உள்ளே ஆள் இருப்பது தெரிய வேண்டும் என்று, போகிறவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும். உன் நைனா குளிக்கிற நேரம் நம் தெரு நாய்க்குத் தெரியும். இதைக் கொண்டு போய் சமந்தியாக வரப் போகிறவளிடம் எப்படிக் காட்டுவது? எனக்கு அந்த நேரத்தில் மூளை மின்னல் மாதிரி வேலை செய்தது. அப்படி வேலை செய்த நாட்களிலெல்லாம் பிற்பாடு வருத்தப்பட்டிருக்கிறேன் என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

"வூட்ல இன்னாத்தக்கா பாக்கப் போறீங்க. வூடு நாளைக்கிக் கூட கட்டிக்கலாம். புள்ள வேல செய்யற எடத்த வந்து பாருங்க. அதான் எங்க வூடு" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர்கள் அதை அப்படியே நம்பிவிட்டார்கள் என்பதுதான் இந்தக் கடிதத்தின் மொத்தக் கதையும். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் மாதிரி அவர்கள் வரவில்லை. வீடு பார்க்க வருகிறவர்களாக உன் பார்க்குக்கு வந்தார்கள்.

உன் நைனா டிராக்டரிலேயே போய்விடலாம், டீசல் மட்டும்தானே என்றார். நான் ஒரு பார்வை பார்த்தேன். திருப்புலிவனத்துக் காதுகுத்து உனக்கு ஞாபகம் இருக்கும், அன்றைக்கு நீ இன்ஜின் மட்கார்டில் உட்கார்ந்திருந்தாய். டிராக்டரையும் டிரெய்லரையும் கோக்கிற இரும்புப் பின் தேய்ந்து கிடந்தது. அதை மாற்ற வேண்டிய காசில் மனுஷன் பாட்டு ஹாரன் வாங்கி மாட்டினார். நேர் ரோட்டில் நாங்கள் பொம்பளைகள் வரிசைத் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு டிரெய்லரில் வருகிறோம். அந்தப் பின் கழன்றது. வண்டி மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது, யார் செய்த புண்ணியமோ, டிரெய்லர் உருண்டு போய் வயல் ஓரமாக நின்றது. இன்ஜின் மட்டும் ஹாரன் பாடிக்கொண்டே தூரத்தில் போகிறது, நீ கை தட்டிக்கொண்டே போகிறாய். கோயில் வாசலில் போய் நிறுத்திவிட்டு, "எறங்குங்கம்மா எல்லாரும்" என்று திரும்பிப் பார்த்தாராம். பின்னால் வெறும் ரோடு. "ஹாரன் சத்தத்துல கேக்கல மே" என்றார் என்னிடம். உன் பெரியம்மா அன்றிலிருந்து இன்றுவரை அவரை "ஹாரன்காரரு" என்றுதான் கூப்பிடுகிறாள். ஆகவே உன் பார்க்குக்கு வேன் வைத்துக்கொண்டு போனோம்.

தீபா, அவளுடைய அப்பா, அம்மா, உன் நைனா, நான். தீபா வீடு பார்க்க வருவது வழக்கமில்லை, ஆனால் கம்பெனியில் வார லீவு, பார்க் என்றதும் கிளம்பிவிட்டாள். ஹைவேயில் தூரத்திலேயே உன் ரோலர் கோஸ்டர் ராட்டினம் தெரிந்தது. வானத்தில் யாரோ முறுக்கு பிழிந்த மாதிரி. தீபாவின் அம்மா வேன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "அத்த நம்ம மாப்ளயா கட்னாரு?" என்றார். "அவருதான்" என்றேன். நீ அதில் என்ன செய்தாய் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. போல்ட்டை முடுக்கினாயோ, முடுக்குகிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தாயோ. ஆனால் அந்த நிமிஷத்தில் மொத்த ராட்டினமும் என் வயிற்றில் பிறந்தது போலத்தான் இருந்தது.

அந்தப் பெருமை வாசலோடு சரி. புளிசாதம் கட்டிக்கொண்டு போயிருந்தோம். பையைச் சோதிக்கிற பையன் தூக்கைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டு, "வெளி சாப்பாடு உள்ள போவாது" என்றான். சரி, அது சட்டம். நம் சத்துணவுக் கூடத்திலும் சட்டம் உண்டு. தீபாவின் அப்பா, "இத்த யாரு முன்னாலயே சொன்னாங்க தம்பி?" என்று தன்மையாகத்தான் கேட்டார். "போர்டுல பெரிசா எழுதிக்கீது, படிக்கத் தெரியாதா?" என்றான். அவருக்குப் படிக்கத் தெரியாது, சிவா. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், வியர்வையே இல்லாத முகத்தை. நான் உன் பெயரைச் சொல்லி அந்தப் பையனை ஒரு வழி பண்ணியிருப்பேன். உன் பெயரை அந்த இடத்தில் சொல்ல வேண்டாம் என்று தோன்றியது.

அதற்கப்புறம் தீபாவின் அம்மா வீடு பார்க்க ஆரம்பித்தார். ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்த்தார். முதல் குழாயில் காற்று வந்தது. இரண்டாவது குழாயின் திருகு கையோடு வந்துவிட்டது. அதை அப்படியே திரும்ப மாட்டி, யாரும் பார்க்காத மாதிரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நம் வீட்டுக் குழாய் அவர் கையில் வந்திருந்தால் எப்படி மறைத்திருப்பாரோ, அப்படி. எனக்கு அதில்தான் மானம் போனது. நிழல் எங்கே என்று தேடினார். தீபாவின் அப்பாவுக்குச் சர்க்கரை, ரொம்ப நேரம் நிற்க முடியாது. ஒரு குட்டைச் சுவரில் உட்கார்ந்தார். உடனே ஒருவன் விசில் ஊதினான், அங்கே உட்காரக் கூடாதாம். எங்கே உட்காரலாம் என்று ஊத அவனிடம் விசில் இல்லை. படகு விடுகிற குளத்தைக் கயிறு கட்டி மூடி, 'பராமரிப்பில் உள்ளது' என்று பலகை மாட்டியிருந்தது. பலகை வெயிலில் வெளுத்து, அதற்கே ஒரு பராமரிப்பு தேவைப்பட்டது. "பராமரிப்புன்னு கீதாம், உள்ள ஒருத்தரயும் காணமே" என்று எட்டிப் பார்த்தார் தீபாவின் அம்மா. பாசியில் ஒரு கொக்கு மட்டும் டூட்டி பார்த்துக்கொண்டிருந்தது.

ஒன்று நியாயமாகச் சொல்ல வேண்டும். உன் ராட்டினம் இருந்த இடம் வேறு பார்க் மாதிரி இருந்தது. தரை பளபளவென்று இருந்தது. பையன்கள் மரியாதையாகக் கைகொடுத்து ஏற்றினார்கள். இடுப்புக் கம்பியை ஒவ்வொருத்திக்கும் அழுத்தி, திரும்ப இழுத்துப் பார்த்து, அப்புறமும் ஒருவன் வந்து பார்த்தான். தீபாவின் அம்மாவிடம், "பயப்படாதீங்கம்மா, கொண்டைய மட்டும் இறுக்கிக் கட்டிக்கோங்க" என்றான். உன் கை பட்ட இடம் என்று தெரிந்தது. அதனால்தான் மற்ற இடத்தைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. தெரியாமல் விடுகிறவன் ஒரு ரகம், தெரிந்த பிள்ளைக்கு அந்தப் பக்கம் கண் போகவில்லை என்பது வேறு ரகம். ராட்டினத்தில் நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதே. முதல் இறக்கத்தில் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். இரண்டாவதில், இதுவரை சண்டை போட்ட எல்லாரிடமும் பெயர் பெயராகச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இறங்கியதும் எல்லா மன்னிப்பையும் வாபஸ் வாங்கிக்கொண்டேன். தீபாவின் அம்மா தலையைச் சரி செய்துகொண்டு சொன்னார்: "நல்லாதான் கீது. ஆனா ரெண்டு நிமிசம் கத்தனோம், மிச்ச நேரமெல்லாம் வெயில்ல நின்னோம்."

இப்போது கதவுக்கு வருகிறேன். ராட்டினம் வயிற்றைக் கலக்கிவிட்டது, எனக்கும் தீபாவின் அம்மாவுக்கும். கழிப்பறையில் பெரிய வரிசை. உள்ளே போனால் ஒரு கதவுக்கும் தாப்பாள் இல்லை. தாப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஓட்டை, அதில் யாரோ கட்டிய சணல், அதுவும் அறுந்திருந்தது. தீபாவின் அம்மா என்னைப் பார்த்தார். காலையிலிருந்து நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் சமந்தி என்று கூப்பிடலாமா வேண்டாமா என்று எடை போட்டுக்கொண்டே வந்தவர்கள். "நீ போக்கா, நான் புடிச்சுக்கினு நிக்கறேன்" என்றேன். உள்ளே போனார். நான் கைப்பிடி இல்லாத கதவை நகத்தால் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"யக்கா, கீறியா?"

"கீறேன், கீறேன்."

"உட்டுட்டுப் போய்டாத."

"எங்க போவப் போறேன். வேணும்னா பாட்டு பாடு, எங்க வூட்ல அப்பிடித்தான்" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. வீட்டைக் காட்டாமல் இவ்வளவு தூரம் கூட்டி வந்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் போயிற்று. உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது, நிற்காமல் வந்தது.

"அதான் வூடு காட்டல போலக்கீது. எங்க வூட்லயும் அதேதான், புடவதான் தொங்குது." சிரிப்பு அடங்கியதும், "யக்கா, ஒண்ணு கேக்கறேன், நெசத்த சொல்லு. மாப்ள குடிப்பாரா?"

கதவுக்கு வெளியே நின்று, கையில் ஒருத்தியின் மானத்தைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்ல முடியாது, சிவா. "கூட்டாளிங்க கல்யாணத்துல பீரு சாப்ட்டுட்டு வந்து, நிதானமா கீறேன்னு காட்றதுக்கு எனக்குப் பாத்திரம் தேச்சிக் குடுப்பான்" என்றேன். வரிசையில் நின்ற பொம்பளைகள் எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தி, "பாத்திரம் தேக்கறானா? அப்ப வாரத்துக்கு ஒருவாட்டி வாங்கியே குடுக்கலாம்" என்றாள். கோபம் வருமா, கை நீட்டுவானா, அம்மா பேச்சை மட்டுமே கேட்பானா என்று உள்ளேயிருந்து ஒவ்வொன்றாகக் கேள்வி வந்தது. ஊர் கேட்க பதில் சொன்னேன். என் முறை வந்தபோது அவர் கதவைப் பிடித்தார். ஒன்றும் கேட்கவில்லை. "சமந்தி, பைய வா, நான் கீறேன்" என்று மட்டும் சொன்னார். முதல் தடவையாகச் சமந்தி என்று சொன்னது அங்கேதான். சம்பந்தம் பேச முற்றமும் பாயும் வேண்டும் என்பார்கள். எங்களுக்கு ஓட்டை விழுந்த ஒரு பிளாஸ்டிக் கதவு போதுமாக இருந்தது.

வெளியே வந்தால், பின்னால் நின்ற காலேஜ் பெண்கள், "ஆண்ட்டி, எங்களுக்கும் புடிக்கிறீங்களா?" என்றார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு கதவாகப் பிடித்துக்கொண்டு நின்றோம். ராட்டினம் ஏறி இறங்கிய சிறிசுகளுக்குக் கதவு பிடிக்கிற இரண்டு சம்பளமில்லாத சிப்பந்திகள். அப்போதுதான் அங்கே கூட்டுகிற அம்மா வந்தார். கையில் உறை இல்லை, காலில் வெறும் ஹவாய் செருப்பு. நம் பேச்சைக் கேட்டு, "எந்த ஊரு?" என்றார். உத்திரமேரூர் பக்கம் என்றேன். அவரும் நம் பக்கம்தான், ஏரிக்கரையோரக் குடிசைகளில் ஒன்று. தாப்பாளைப் பற்றிக் கேட்டேன். "எத்தினி வாட்டிம்மா சொல்றது. சொன்னா, எழுதிக்கறேன்றாங்க. அப்பால அந்த ஆளு மாறிப் போய்டறாரு. பெரிய ராட்டினத்துக்கு ஒண்ணுன்னா ஓடியாற ஆளு கீது. இதுக்குக் கேக்கறதுக்கு ஆளு கெடயாது" என்றார். வெயிலில் நின்றுகொண்டிருந்த தீபாவின் அப்பாவைப் பார்த்துவிட்டு, தான் உட்காருகிற பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் போட்டார். அந்தப் பார்க்கில் எங்களுக்குக் கிடைத்த ஒரே நாற்காலி அதுதான். அப்புறம் அவர் நின்றுகொண்டே இருந்தார்.

திரும்பும்போது வேனை டீக்கடையில் நிறுத்தினோம். உன் நைனாதான் பொறுக்காமல், "இன்னா சமந்தி, வூடு பாத்தீங்களே, எப்பிடி கீது?" என்றார். தீபாவின் அம்மா டீயை ஆற்றிக்கொண்டே, "வாசலு பெரிசாத்தான் கீது. பின்கட்டுதான் சரியில்ல" என்றார். எல்லாரும் சிரித்தோம். தீபா சிரிக்கவில்லை. "அத்தை, அந்தக் கதவுக்கு தாப்பா இல்லாதது அவருக்குத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. "எங்க கம்பெனில லைன உட்டு ரெண்டு வாட்டி போனா சூப்பர்வைசர் மூஞ்சிய தூக்குவாரு. அதுக்கோசரம் ஷிப்டு முழுக்க தண்ணியே குடிக்காத பொண்ணுங்க கீறாங்க, நானும்தான். அதான் கேட்டேன். தெரிஞ்சும் உட்டாரா, இல்ல, தெரியவே தெரியாதா?"

என் வாய் முதல் தடவை போனது அப்போதுதான். தெரியும் என்றால் நீ கல்நெஞ்சக்காரன். தெரியாது என்றால் ஹாரன்காரர் மகன். எதைச் சொல்ல? "அவன் புது ராட்டினம் மட்டும்தான்மா பாக்கறான், இது வேற ஆளு" என்றேன். "வேற ஆளு யாரு?" என்றாள். தெரியவில்லை. அவள் அம்மா பேச்சை முடித்து வைத்தார். "எனக்கு சமந்திய புடிச்சுப் போச்சு. ஆனா கட்டிக்கினு வாழறது எம் பொண்ணுதானே. அது கேட்டதுக்கு மாப்ள ஒரு பதில் சொல்லட்டும். அப்பால வைகாசில தேதி பாக்கலாம்." உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்தவள், இத்தனை நாளும் கேட்காமல் இருந்தேன். எப்படிக் கேட்பது? பார்க்குக்குப் போனதையல்லவா முதலில் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில்தான் நேற்று நீ போன் செய்து, அந்தக் கதவை உன் கையில் கொடுக்கிறார்கள், நீ வேண்டாம் என்று சொல்லப் போகிறாய் என்றாய்.

கண்ணு, உனக்கு ஏன் கோபம் வந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உன் தாத்தா அடுத்தவர் களத்தைப் பெருக்கினார். பெருக்கிய களத்தில் உட்காரச் சொல்லி அவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை. நான் சத்துணவு வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் கையால் ஆக்கியதைத் தின்ன வேண்டாம் என்று பிள்ளைக்கு டிபன் டப்பா கட்டிக் கொடுத்தனுப்பிய வீடுகள் இருந்தன. இன்றைக்கு அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் இரண்டாம் தடவை சாம்பார் கேட்கிறார்கள், அது வேறு கதை. உன்னைக் காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏற்றிப் படிக்க அனுப்பியபோது, இந்தத் துடைப்பம் இவன் கைக்கு வரக் கூடாது என்றுதான் நினைத்தேன். அதனால் 'கக்கூஸ்' என்ற சொல்லை நீ சொன்னதும், உன்னைவிட எனக்குத்தான் முதலில் சுட்டது. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் ஏன் என்று கேட்க மாட்டேன். சோறு இருக்கும், நைனாவின் பாட்டும் இருக்கும்.

ஆனால் ராத்திரி படுத்தபோது அந்த அம்மாவின் நாற்காலி ஞாபகத்துக்கு வந்தது. உன்னைத் துடைப்பம் எடுக்கச் சொல்லவில்லையே, சிவா. துடைப்பம் எடுக்கிறவர்களுக்குக் கையுறை உண்டா, தண்ணீர் உண்டா, அவர்களுக்கு நாற்காலி உண்டா என்று கேட்கிற இடத்தில் உன்னை வைக்கிறார்கள். அந்த இடத்தில் இதுவரை உட்கார்ந்தவர்களுக்கு அந்தக் கை யாருடைய கை என்று தெரியாது. உனக்குத் தெரியும். உன் தாத்தாவுக்குக் கிடைக்காததை அந்த அம்மாவுக்குக் கொடுக்கிற வேலையைக் கேவலம் என்று எப்படிச் சொல்வது? டிப்ளமாவில் இதைச் சொல்லித்தரவில்லை என்றால், விட்டுப்போன பாடம் என்று வைத்துக்கொள்.

இன்னொன்று, இது தொழில் சங்கதி, நான் சத்துணவுக்காரி என்றாலும் சொல்வேன். ஒரு ராட்டினம் எத்தனை உயரம் என்றாலும் ஜனங்கள் அதை ஒரு தடவைதான் புதிதாகப் பார்ப்பார்கள். அடுத்த வருஷம் வேறு எவனாவது அதைவிட உயரமாகக் கட்டுவான், உங்கள் முதலாளி அதைவிட உயரமாக இன்னொன்று கேட்பார். அதற்கு முடிவே கிடையாது. திரும்ப வருகிறவர்கள் வேறு எதற்கோ வருகிறார்கள். குழந்தைக்குப் பால் கொடுக்க ஒரு மறைவு, பெரியவருக்கு நிழலில் ஒரு பலகை, போர்டைப் படிக்கத் தெரியாதவரிடம் "அண்ணே, இது உள்ள போகாது, வரும்போது வாங்கிக்கலாம், பத்திரமா வெச்சிருப்பேன்" என்று சொல்ல ஒரு நல்ல வாய், தண்ணீர் வருகிற குழாய். எங்கள் கூடத்திலும் பார்க்கிறேனே. என்றைக்கோ ஒருநாள் போடுகிற வடை பாயசத்துக்குப் பிள்ளைகள் கை தட்டும். தினமும் வரவைப்பது வேகாத முட்டையும் கல் கிடக்கிற சோறும் போடாமல் இருப்பதுதான். அதற்கு எவரும் கை தட்ட மாட்டார்கள். நீ அந்த வேலையை எடுத்தால் உனக்கும் ஒருவரும் கை தட்டப் போவதில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். கழிப்பறைக்குப் போய்விட்டு நிம்மதியாக வெளியே வருகிற ஒரு பொம்பளை, யார் இந்தத் தாப்பாளைப் போட்டது என்று யோசிக்கவே மாட்டாள். அவள் யோசிக்காமல் போனால் நீ நன்றாக வேலை செய்திருக்கிறாய் என்று அர்த்தம். கை தட்டல் இல்லாமல் இருக்க முடியாது என்றால் வீட்டுக்கு வா, நானும் நைனாவும் தட்டுகிறோம்.

நேற்று உன் போன் வந்த பிறகு பஜாருக்குப் போய் இரண்டு தாப்பாள் வாங்கி வந்தேன். உன் நைனா, இரண்டு எதற்கு என்றார். ஒன்றுக்குக் கதவே இல்லை, முதலில் அதைச் செய்யுங்கள் என்றேன். என்ன நினைத்தாரோ, கிடங்கில் கிடந்த பழைய பலகையை எடுத்து இழைத்து இன்று காலை கதவு போட்டுவிட்டார். தாப்பாளும் போட்டாச்சு. முதல் ஆளாக உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டு, பழக்கதோஷத்தில் பாடவும் செய்தார். தீபாவின் அம்மாவுக்குப் போன் செய்து, "சமந்தி, இனிமே வூடு பாக்க வரலாம்" என்றேன். "வர்றோம். ஆனா தீபா மறுபடியும் அந்தப் பெரிய வூட்டத்தான் பாக்கணுமாம். ராட்டினம் ஏற மாட்டாளாம், நேரா பின்கட்டுக்குப் போவாளாம்" என்றார். எப்போது வருகிறாள் என்று என்னிடம் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வந்தால் அது வீடு பார்ப்பது ஆகாது.

இன்னொரு தாப்பாள் இந்தக் கவரில் இருக்கிறது, திருகாணியோடு. கனமாக இருக்கிறதே என்று நீ நினைத்திருப்பாய், பணம் என்று நினைத்திருந்தால் மன்னித்துக்கொள். அதை என்ன செய்வது என்று நான் சொல்லப் போவதில்லை. திங்கட்கிழமை நீ எந்தப் பக்கம் பதில் சொன்னாலும், அதைக் கையில் பிடித்துக்கொண்டு சொல். தீபாவுக்குச் சொல்ல வேண்டிய பதிலும் அதிலேயே வந்துவிடும்.

அதுவரைக்கும் கதவை நான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

உன் அம்மா